ஸ்கல் கிரஷரும் ஒரு வலது முழங்கையும்

ட்ரைசெப்ஸ் என்று யாராவது கேட்டால் கேபிள் மெஷினைக் காட்டிவிட்டு உடனே போனை எடுக்கிற தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போது தங்கைகளும் ஜிம் மாஸ்டராக வந்துவிட்டீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான். எனக்கு வேலை முடிந்துவிட்டது. குன்றத்தூரில் என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பெஞ்சும் துருப்பிடித்த இரும்புப் பாரும் கிடக்கின்றன. அந்தப் பெஞ்சில் மருமகள் மிளகாய் காயவைக்கிறாள். நானும் ஒன்றும் சொல்வதில்லை.

நீங்கள் எல்லோரும் சர்ட்டிபிகேட் வைத்திருக்கிறீர்கள். எலும்பு, தசை எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர் சொல்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் பெஞ்சில் வந்து படுக்கிறவன் காலையிலிருந்து எங்கே நின்று, எந்தக் கையால் என்ன செய்துவிட்டு வருகிறான் என்று கேட்கிற பழக்கம் உங்களில் ஒருவருக்கும் இல்லை. இந்த வட்டாரத்தில் மாஸ்டராக இருக்கப் போகிறீர்கள் என்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் ஒன்றும் பெரிதாக மாறிவிடாது. அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

முதலில் எக்சர்சைஸைப் பற்றி. பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரை நேரே தூக்கிப் பிடித்து, மேல்கை அசையாமல் முழங்கையை மட்டும் மடக்கித் தலைப் பக்கம் இறக்கி, திரும்ப நீட்டுவது. ஸ்கல் கிரஷர் என்பார்கள். எங்கள் பையன்கள் வைத்த பெயர் மண்டை உடைப்பான். பெயர் பயங்கரமாக இருப்பதால்தான் இதற்கு இவ்வளவு மவுசு. நான் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் இதில் மண்டை உடைந்தவன் ஒருவனைக்கூடப் பார்த்ததில்லை. முழங்கை போனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

பாரை நெற்றிக்கு நேராக இறக்கச் சொல்லாதீர்கள். உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னால் இறங்கட்டும். மேல்கை செங்குத்தாக நிற்கத் தேவையில்லை, தலைப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் பாரம் கடைசிவரை தசையிலேயே இருக்கும். மணிக்கட்டு பின்னால் மடியக் கூடாது. கட்டைவிரல் பாரைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். ஸ்டைலுக்காகக் கட்டைவிரலை வெளியே விடுகிறவனை எழுப்பி வீட்டுக்கு அனுப்புங்கள். முழங்கை இரண்டும் வெளியே விரிந்தால் எடை அதிகம் என்று அர்த்தம். "போகப் போகச் சரியாயிடும் மாஸ்டர்" என்பான். சரியாகாது. நேர் பாரில் மணிக்கட்டு வலிக்கிறது என்பவனுக்கு வளைந்த பாரைக் கொடுங்கள். எத்தனை தடவை, எத்தனை செட் என்பதையெல்லாம் உங்கள் போனே சொல்லும், அதற்கு நான் வேண்டாம்.

நான் சொல்லப் போகிற விஷயம் நடந்த ஜிம் ஒரகடம் பக்கம், ஒரு மெஸ்ஸுக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. கீழே சாம்பார் வாசனை, மேலே வியர்வை நாற்றம். அந்தக் கட்டடம், மெஸ், ஜிம், பின்பக்கத்து ஹாஸ்டல், வாசலில் நிற்கிற வேன்கள் எல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தம். மண்ணூர்க்காரர். குடும்பத்து நிலம் கம்பெனிகளுக்குப் போனதும் லேபர் கான்ட்ராக்டர் ஆனவர். தெற்கேயிருந்து வருகிற பையன்கள் அவர் ஹாஸ்டலில் தூங்கி, அவர் மெஸ்ஸில் சாப்பிட்டு, அவர் வேனில் ஏறி, அவர் அனுப்பிய ஆளாகக் கம்பெனியில் நின்றுவிட்டு, சாயங்காலம் அவர் ஜிம்மிலேயே வந்து கை வளர்ப்பார்கள். ஓனர் என்று சொன்னால் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அந்த ஒரே ஆள்தான்.

அந்தப் பையன்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. யார் கிளப்பிவிட்டானோ தெரியாது. கம்பெனியில் நிரந்தரமாக எடுக்கிற ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது சூப்பர்வைசர் லைனில் நடந்துகொண்டே கையைப் பார்ப்பாராம். யூனிபார்ம் அரைக்கை. உதிரிபாகத்தை எடுக்கக் கை நீட்டும்போது மேல்கையின் பின்பக்கம்தான் அவர் கண்ணில் படும். அதனால் முன்பக்கத்து பைசெப்ஸ் கண்ணாடிக்கு, பின்பக்கத்து ட்ரைசெப்ஸ் சூப்பர்வைசருக்கு என்று வைத்திருந்தார்கள். உலகத்தில் எந்த ஜிம்மிலும் பைசெப்ஸுக்குத்தான் வரிசை நிற்கும். எங்கள் ஜிம்மில் மண்டை உடைப்பானுக்கு நின்றது. நான் எத்தனையோ தடவை திட்டிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி வரிசையில் போய் நிற்பார்கள்.

பாரைப் பார்த்தே பையன் எந்த வேலையில் நிற்கிறான் என்று என்னால் சொல்ல முடியும். தலைக்கு மேலே கையைத் தூக்கி நட்டு முடுக்குகிறவனுக்குப் பாரை இறக்கும்போது தோள் நடுங்கும். நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறவன் முதுகைப் பெஞ்சில் ஒட்டவே மாட்டான். இசக்கி முதல் நாள் பெஞ்சில் படுத்தபோது பாரின் இடது முனை முன்னால் ஏறியது, வலது முனை பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது.

இசக்கி சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அடர்ந்த புருவம், குறைந்த பேச்சு. கார்க் கதவுகளுக்கு பீடிங் என்கிற ரப்பர் பட்டை மாட்டுகிற லைனில் வேலை. கதவின் விளிம்பில் ரப்பரை வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி அமுக்கிக்கொண்டே சுற்றி வர வேண்டும். ஒரு கதவு முடிந்தால் அடுத்த கதவு வந்து நிற்கும். கதவு நிற்கிற கோணத்துக்கு வலது கையால்தான் அமுக்க முடியும். இடது கைக்காரன் போனாலும் அதே கதைதான். ஒவ்வொரு அமுக்கலுக்கும் முழங்கை நீளும். அதாவது ஷிப்ட் முழுக்க அந்தப் பையன் வலது கைக்கு மட்டும் ட்ரைசெப்ஸ் அடித்துவிட்டு, அதன் பிறகு என்னிடம் வந்து ட்ரைசெப்ஸ் கேட்கிறான்.

"வலது முழங்கை வலிக்குதாடா?" என்றேன்.

"இல்ல மாஸ்டர். படுத்தது சரியில்ல."

முழங்கை முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பெஞ்சைவிட்டுத் துள்ளி எழுந்தான்.

"படுத்தது சரியில்லையா?"

"யார்ட்டயும் சொல்லிராதீய மாஸ்டர்" என்றான்.

ஏன் என்று அவன் விளக்க வேண்டியதே இல்லை. அந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை, கம்பெனி ஆட்களுக்கு நீலச் சட்டை. சாம்பல் சட்டைக்காரன் ஓனரின் வேனில் நசுங்கிக்கொண்டு போவான். நீலச் சட்டைக்காரன் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவான். சாம்பல் சட்டைக்காரன் வலி என்று சொன்னால் மறுநாள் வேனில் அவன் இடத்தில் வேறொருவன் இருப்பான். இசக்கியோ ஊரில் ஏற்கெனவே நிரந்தரம் ஆகிவிட்டதாகச் சொல்லிவைத்திருந்தான். முன்பு அறையில் கூட இருந்து நிரந்தரமாகிப் போனவனின் நீலச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டு, போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். அம்மா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவன் மேல் இல்லை.

மண்டை உடைப்பானை நிறுத்தினேன். முழங்கை ஆழமாக மடங்குகிற எதையும் அவனுக்குக் கொடுக்கவில்லை. வெந்நீர் ஒத்தடம், லேசான எடை, இடது கைக்கும் முதுகுக்கும் கொஞ்சம் வேலை. ஒழுங்காக வந்தான். வலி கொஞ்சம் குறைந்தது. அந்த வேலையைவிட்டு நகர்த்தினால் ஒழிய முழுசாகக் குணமாகாது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். யார் நகர்த்துவது?

இந்தச் சமயத்தில்தான் கம்பெனி, கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை ட்ரெய்னியாக எடுக்கப் போகிறோம், பெயர்களை அனுப்புங்கள் என்று ஓனரிடம் கேட்டது. ட்ரெய்னி ஆனால் நீலச் சட்டை. கொஞ்ச காலம் ஒழுங்காக ஓட்டினால் நிரந்தரம். ஓனர் மாடி ஏறி நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா மாஸ்டர், எவனெவனுக்கு இன்னா வலி கீதுன்னு உனக்குத் தெரியும்ல? சொல்லு. நான் அனுப்புற ஆளு அங்க போயி மக்கர் பண்ணான்னா என் பேரு பூடும்."

"வலி இல்லாதவன் யாரு ஓனர்? ஷிப்ட் முடிச்சு, ஓ.டி. பார்த்துட்டு வர்றாங்க."

"அந்தக் கதையெல்லாம் வாணாம். ஞாயித்துக்கெழம காலைல எல்லாரையும் வரச் சொல்லு. என் கண்ணு முன்னால அந்த மண்டை ஒடைக்கிறத போடட்டும். எவன் ஒழுங்கா தூக்குறானோ அவன் பேரு கம்பெனிக்குப் போவும்."

கதவில் ரப்பர் மாட்டுகிறவனைத் தேர்ந்தெடுக்க இப்படி ஒரு பரீட்சை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அந்த நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இசக்கி பெஞ்சில் படுத்து அந்த எடையை இறக்கினான் என்றால் முழங்கை அங்கேயே போய்விடும். இறக்கவில்லை என்றால் பெயர் கம்பெனிக்குப் போகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்கள் வரிசையாக வந்து நின்றபோது இசக்கி கடைசியில் நின்றான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள் தம்பிகளே. ஒரு எக்சர்சைஸுக்கு எத்தனை மாற்று வடிவம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது பரீட்சையில் எழுதுவதற்கு இல்லை. பெஞ்சில் படுக்காமல் தரையில் படுத்து, தோளகலத்துக்குக் கையை வைத்துப் பாரைப் பிடித்து, நெஞ்சுக்கு மேலே இறக்கி ஏற்றுவது ஒன்று இருக்கிறது. கைகளை அதைவிட நெருக்கி வைக்கச் சொல்கிறவன் மணிக்கட்டைக் கெடுப்பான், தோளகலமே போதும். மேல்கை தரையில் தட்டியதும் பார் நின்றுவிடும். அதற்கு மேல் முழங்கை மடங்க வழியே கிடையாது. நெஞ்சும் தோளும் பாதி பாரத்தை வாங்கிக்கொள்ளும். முழங்கை நொந்தவனுக்கென்றே உள்ள வடிவம் அது.

"ஓனர், பெஞ்ச்ல வேணாம்" என்றேன். "பெஞ்ச்ல போட்டா முழங்கையை முன்னால தள்ளி, ஆட்டி, ஏமாத்திடுவானுங்க. தரையில படுக்கவச்சுடலாம். கை தரையில முட்டும். எவனும் ஏமாத்த முடியாது."

ஓனர் கண்ணைச் சுருக்கினார். "கஷ்டமா கீதா அது?"

"முதுகுக்குக் கீழ சிமெண்ட் தரை ஓனர். சும்மாவா?"

"அப்ப அதயே போடு."

நான் சொன்னதில் பாதி உண்மை. தரையில் ஏமாற்றுவது கஷ்டம்தான். மீதிப் பாதியை அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்? அதைத் தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. பையன்கள் ஒவ்வொருவராகப் படுத்து எழுந்தார்கள். நல்ல கை உள்ள ஒருவன் ஓனரைப் பார்த்துச் சிரித்துவிட்டான் என்பதற்காக அவன் பெயர் போகவில்லை. இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். வலது முனை கொஞ்சம் பின்தங்கியது. நான் போய்ப் பாருக்கும் ஓனருக்கும் நடுவில் நின்று சத்தமாக எண்ணினேன். அவன் பெயர் கம்பெனிக்குப் போனது.

நீலச் சட்டை வந்த அன்றைக்கு மாடிக்கு ஓடி வந்து காட்டினான். சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. என் காலைத் தொடப் போனான், தள்ளிவிட்டேன்.

"இப்ப கம்பெனி ஆளாயிட்ட இல்ல? சூப்பர்வைசர்கிட்ட போயி கை வலிக்குதுன்னு சொல்லு. லைன்ல வேற ஸ்டேஷன், வேற வேலை கேளு."

"கன்ஃபர்ம் ஆவட்டும் மாஸ்டர். அப்பறமா சொல்லுதேன். இப்பவே சொன்னா, வந்ததும் குத்தஞ்சொல்லுதான்னு நெனைப்பாவ."

நியாயமான பயம்தான். அவனை அதே பீடிங் ஸ்டேஷனில்தான் போட்டிருந்தார்கள். நன்றாக வேலை செய்கிறவன் என்பதால் கதவு வருகிற வேகத்தையும் கூட்டியிருந்தார்கள். ஜிம்முக்கு வருவது குறைந்தது. ஒரு நாள் மெஸ்ஸில் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வலது முழங்கைக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. கையை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. தண்ணீர் ஜக்கை வலது கையால் தூக்கப் பார்த்து, யாரும் கவனிக்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வாரத்திலேயே லைனில் ஒரு கதவைக் கீழே விட்டுவிட்டான். விஷயம் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது.

கம்பெனியிலிருந்து ஹெச்.ஆர். அதிகாரி ஒருவர் ஓனரின் ஆபீசுக்கு வந்தார். மெஸ்ஸை ஒட்டிய சின்ன அறை. என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். அதிகாரிக்குச் சின்ன வயது, சுத்தமான சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. குரல் அவ்வளவு மென்மை. நான் உள்ளே போனதும் எழுந்து நாற்காலியைக் காட்டினார். இப்படி மரியாதை தெரிந்தவர்களிடம்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஓனர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். இசக்கி சுவரோரம் நின்றிருந்தான். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"மாஸ்டர், இது என்கொயரி எல்லாம் இல்ல. சும்மா புரிஞ்சுக்கத்தான்" என்றார் அதிகாரி. பிறகு இசக்கியைப் பார்த்து, "வலி எங்க ஆரம்பிச்சுது இசக்கி?" என்றார்.

"ஜிம்லதான் சார். ஸ்கல் கிரஷர் போடும்போது."

எனக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. எந்த எக்சர்சைஸை அவனுக்கு நான் நிறுத்தினேனோ அதையே சொல்கிறான். சொல்லும்போது குரலில் நடுக்கம்கூட இல்லை, ஒப்பித்த மாதிரி வந்தது. ஓனர் மேஜையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"சாரி மாஸ்டர்" என்றார் அதிகாரி. "நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்லிக்கொடுத்திருப்பீங்க. ஆனா ஹெவி எக்சர்சைஸ், இல்லையா."

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். எனக்கு அடங்கவில்லை. "பாரை ரெண்டு கையாலயும் பிடிக்கிறோம். வலது கைக்கு ஒரு வெயிட்டு, இடது கைக்கு ஒரு வெயிட்டுன்னு அதுல கிடையாது. தப்பாப் போட்டிருந்தா ரெண்டு முழங்கையும் போயிருக்கணும். இவன் இடது கையைப் பாருங்க, ஒரு குறையும் இல்ல. வலது மட்டும் வீங்கிக்கிடக்கு. உங்க பீடிங் ஸ்டேஷன்ல எந்தக் கையால அமுக்குறாங்க? வலது கையாலதானே? அந்த ஸ்டேஷன்ல நிக்கிற மத்த பசங்களையும் மாடிக்கு வந்து பாருங்க. எல்லாருக்கும் வலது முழங்கைதான். என் ஜிம்ல கொடுத்த வலின்னா எப்படி சார் எல்லாருக்கும் ஒரே கையில வரும்?"

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். அந்த மென்மையான முகம் கொஞ்சம் இறுகியது. பேனாவை மூடி வைத்தார். நான் சொன்னதில் ஓட்டை இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு நேரமும் எனக்குள் இருந்த எரிச்சலில் ஒரு சின்னத் திருப்திகூட வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் என்னிடம் பேசவில்லை. இசக்கியிடம் திரும்பினார். "மாஸ்டர் சொல்றது கரெக்டா? வலது கை மட்டும்தான் வலிக்குதா?"

இசக்கி ஓனரைப் பார்த்தான். ஓனர் கண்ணாலேயே முறைத்தார்.

"இல்ல சார்" என்றான். "ரெண்டு கையும் வலிக்கி."

"டேய்!" என்றேன்.

"இடது கையுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா சார். இடதயும் நீட்ட முடியல." சொல்லிக்கொண்டே இடது கையைப் பாதி நீட்டி, முகத்தைச் சுளித்துக் காட்டினான். நடிக்கத் தெரியாத பையன். ஆனால் அந்த அறையில் அவனை நம்பாமல் போக யாருக்கும் அவசியம் இல்லை.

அதிகாரியின் முகம் பழையபடி மலர்ந்தது. பேனாவைத் திறந்தார். "அப்ப ஜிம்தான். மாஸ்டரே எக்ஸ்ப்ளெய்ன் பண்ணிட்டாரு, ரெண்டு கையும் போனா அது பார்னாலதான்" என்றார். நான் சொன்ன நியாயத்தை எடுத்து என் தலையிலேயே போட்டுவிட்டார். பிறகு ஓனர் பக்கம் திரும்பி, பஸ் நேரம் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்:

"ஆனா சார், நாம பேசினது ஒரு கைன்னு. ஒரு கைன்னா ஸ்டோர்ல பார்கோடு ஸ்கேன் பண்ற வேலை கொடுக்கலாம்னு இருந்தேன், இடது கையாலயே செய்யலாம். ரெண்டு கையும்னா நான் எந்த ஸ்டேஷன்ல வைக்கிறது? அன்ஃபிட்தான். ட்ரெய்னிங் பீரியட்லயே முடிச்சிடலாம்."

இது முன்கூட்டியே பேசி முடித்த ஏற்பாடு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இசக்கிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"சார், இடது கை லேசாத்தான் சார்" என்றான். "அது ஒண்ணுமில்ல சார். வேல செய்யலாம் சார்."

"ஹெல்த் விஷயம் தம்பி. நாங்க ரிஸ்க் எடுக்க முடியாது" என்று எழுந்து அவன் தோளில் தட்டினார். வலது தோளில். பையன் வலியில் கண்ணை மூடித் திறந்தான். அவர் கவனிக்கவில்லை.

ஓனர் என்னைப் பார்த்து, "நீ நாளைலேர்ந்து வராத மாஸ்டர்" என்றார். அது அன்றைக்கு எனக்குப் பெரிதாகவே படவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். நீங்கள் பழகப் போவது மனிதர்களின் முழங்கையோடு மட்டும் இல்லை. அந்த முழங்கையை வைத்து இரண்டு பேர் அவனுக்குத் தெரிந்தும், உங்களுக்குத் தெரியாமலும் ஒரு ஏற்பாடு பேசி முடித்திருப்பார்கள். நீங்கள் உள்ளே போய் எக்சர்சைஸின் நியாயத்தைப் பேசுவீர்கள். நியாயம் சரியாகவே இருக்கும். எனக்கு அந்த ஓனர் மேலும் அந்த அதிகாரி மேலும் இருக்கிற ஆத்திரம் இன்றுவரை ஒரு துளி குறையவில்லை. பையன் மேல் ஆத்திரப்பட்டேனா என்று கேட்டால், வாசலுக்கு வருகிறவரை பட்டேன்.

வெளியே வேன்கள் நிற்கிற இடத்தில் அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏண்டா அப்படிச் சொன்ன?"

"ஜிம்முன்னு மட்டும் சொல்லு, ஸ்டோர்ல போட்டுருவாங்கன்னு ஓனர் சொன்னாவ மாஸ்டர். லைனுன்னு சொன்னா கம்பெனி நஷ்டஈடு குடுக்கணும், ஒத்துக்கிடாது, வெளியதான் போவணும்னாவ. நீங்க ஒரு கைதான்னு சொன்னதும், ஐயோ லைனுன்னு ஆயிருமேன்னுதான்..."

"இதை எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க ஒத்துக்கிட மாட்டியள்லா" என்றான்.

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்தான். அந்த நீலச் சட்டையில் அக்குள் வரை வியர்த்திருந்தது. ஆபீஸ் அறையிலிருந்து அதிகாரியும் ஓனரும் சிரித்துப் பேசிக்கொண்டே கார் பக்கம் போனார்கள். இசக்கி என் மணிக்கட்டைப் பிடித்தான். இடது கையால் பிடித்தான். நல்ல இறுக்கமான பிடி.

"மாஸ்டர், நீங்க போயி சொல்லுங்க. இடது கை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க. கையப் பாத்தே எல்லாம் சொல்லிருவியள்லா நீங்க. நீங்க சொன்னா கேப்பாவ. போங்க மாஸ்டர், கெளம்பப் போறாவ."

போனேன். கௌரவம் எல்லாம் பார்க்கவில்லை, ஓடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி காரில் ஏறிவிட்டார். ஓனர் கார்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"ஓனர், அவனுக்கு இடது கையில ஒண்ணுமில்ல. பயத்துல சொல்லிட்டான். அந்த சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறேன்."

ஓனர் என் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தார். கோபமாகக்கூட இல்லை.

"அதத்தான் உள்ள சொன்னியே மாஸ்டர். அந்தப் புள்ளையே இல்லன்னுட்டான். இப்ப மறுபடி அதயே சொல்லிக்கினு வந்தா எவன் நம்புவான்?"

கார் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். இசக்கி வேனுக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் காரைப் பார்த்து, இடது கையை மேலே தூக்கி நீட்டி மடக்கி, நீட்டி மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.